வீக்கம் எப்படி வற்றுகிறது?

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டத்தில் யார் காலிலாவது கருவேல முள் ஏறாமல் இருக்காது. ஏறிய இடம் சிவந்து வீங்கித் தெறிக்கும்; முள்ளை எடுத்துவிட்டால் சில நாளில் வற்றிவிடும். ஏன் வீங்குகிறது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும், வெள்ளையணுக்கள் கிருமியோடு சண்டை போடுகின்றன என்று. சரி, சண்டையை நிறுத்தச் சொன்னது யார்?

அதில் ஒரு பங்கு மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கு உண்டு. அணுவுக்குள் இருக்கும், சுமார் 22 எழுத்து நீள ஆர்என்ஏ துண்டுகள் இவை; எழுத்து என்பது ஆர்என்ஏ சங்கிலியின் ஒரு கண்ணி. இவற்றிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. 1993இல் ஒரு குட்டிப் புழுவில் இவற்றை முதலில் கண்ட விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024இல்தான் நோபல் வந்தது.

பழைய செட்டிநாட்டு வீடொன்றில் பேரேடு பெட்டகத்தைவிட்டு வெளியே வராது, வேண்டிய வரியைச் சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ பேரேடு, தூது ஆர்என்ஏ சீட்டு, சமைத்து வருவது புரதம். மைக்ரோ ஆர்என்ஏ இடைவழியில் சீட்டை மடக்கி வைக்கும், சில நேரம் கிழித்தே போடும். இதன் முன்பகுதியில் ஏழெட்டு எழுத்துகள் சீட்டோடு பொருந்தினாலே போதும். அதனால் ஒரே துண்டு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடலாம். பெரும்பாலும் எதையும் அடியோடு நிறுத்தாது, அளவைக் கொஞ்சம் குறைக்கும்.

இப்போது முள்ளுக்கு வருவோம். பாக்டீரியாவை உணர்ந்த வெள்ளையணுவுக்குள் ஐராக்-1, டிராஃப்-6 என்ற புரதங்கள் வழியாகச் செய்தி போய், மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழிக்கும். அது அழற்சி (வீக்கம், சிவப்பு) உண்டாக்கும் மரபணுக்களைக் கிளப்பும்போதே மிர்-146ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏவையும் கிளப்புகிறது. அந்த மிர்-146ஏ, ஐராக்-1, டிராஃப்-6 இரண்டின் சீட்டுகளையே பிடித்து வைக்கிறது! அதனால் கிளப்பிவிட்ட செய்தியே தணிகிறது. அமெரிக்க உயிரியலாளர் டேவிட் பால்டிமோரின் ஆய்வகம் 2006இல் சொன்ன சேதி இது. மிர்-146ஏ இல்லாத எலிகளுக்கு வயதாக ஆக, நோயெதிர்ப்பு சொந்த உடம்பின்மீதே திரும்புகிறது.

மிர்-155 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ இதற்கு எதிர்த் திசை, நோயெதிர்ப்பைத் தூண்டுவது. அது இல்லாத எலிகளுக்குத் தடுப்பூசி போட்டும் சரியான பாதுகாப்பு கிடைக்கவில்லை. எதிர்ப்புரதம் செய்யும் வெள்ளையணுக்களான பி அணுக்களில் அது மிஞ்சினாலோ புற்றுநோய். மிர்-181ஏவின் வேலை நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில், டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் முதிராமல் இருக்கும்போது. சன்னமான சமிக்ஞையையும் அவை உணரும்படி செய்கிறது.

இதையெல்லாம் மருந்தாக்கலாமே என்று தோன்றும். புற்றுநோயை அடக்கும் மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏயின் நகலைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய ஒரு சோதனையை 2016இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம், நோயெதிர்ப்பு தொடர்பான கடுமையான பக்கவிளைவுகள்.