கடைசி எலி வரைக்கும்

2004-இல் நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரமான சோதனை செய்தார்கள். ஒரே ஒரு ஆண் எலியின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, எலியே இல்லாத மோட்டுஹோரோபாப்பா என்ற தீவில் வேண்டுமென்றே விட்டார்கள். பத்து ஹெக்டேர்கூட இல்லாத இடம் அது. பொறி வைத்தார்கள், விஷத் தீனி வைத்தார்கள், மோப்ப நாய்களையும் இறக்கினார்கள். எலி அகப்படவில்லை. பல வாரங்கள் போக்குக் காட்டிவிட்டு, கடலில் 400 மீட்டர் நீந்திப் பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டது. 18 வாரங்களுக்குப் பிறகு, பென்குயின் இறைச்சி வைத்த பொறியில்தான் அது சிக்கியது.

ஒரு எலிக்கே இந்தப் பாடு. அப்படியிருக்க, லட்சக்கணக்கான எலிகள் உள்ள ஒரு பெரிய தீவை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

முதலில், ஏன் செய்ய வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். நடுக்கடல் தீவுகளில் கூடு கட்டும் பறவைகள் பல, தரையில் ஓடும் பாலூட்டிகளைப் பார்க்காமலே பரிணமித்தவை. தரையிலோ வளையிலோ முட்டையிடும். ஆல்பட்ராஸ் போன்ற பெரிய கடற்பறவைகள் ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். கப்பலேறி வந்த எலிகளுக்கு அது பரிமாறி வைத்த விருந்து. நியூசிலாந்தின் பிக் சவுத் கேப் தீவில் 1960-களில் கருப்பு எலிகள் பெருகியபோது, சில ஆண்டுகளுக்குள் இரண்டு வகைப் பறவைகளும் ஒரு வௌவாலும் காணாமல் போயின. பாதிப்பு கரையோடும் நிற்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில், எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் 760 மடங்கு அடர்த்தியாக இருந்தன என்று 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. பறவை எச்சத்தின் சத்து கடலில் கலப்பதால், அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் மீன்களின் மொத்த எடையும் ஏறத்தாழ பாதியளவு கூடுதலாக இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். ஊருக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எலிகளை ஒழித்தால் அது வெற்றி. தீவில் அது படுதோல்வி. எலியின் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம், பிறந்த குட்டிகள் சில மாதங்களிலேயே ஈனத் தொடங்கிவிடும். ஒரு ஜோடி மிஞ்சினால் போதும், செலவழித்த கோடிகள் வீண்தான். இந்த வேலையின் ஒவ்வொரு நுணுக்கமும் அந்தக் கடைசி ஜோடியை மனதில் வைத்து அமைந்தது.

மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பயன்படுவது பிரோடிஃபாகம் என்ற எலி விஷம். எலி சந்தேகப் பிராணி. புதிய தீனியைக் கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் தொடாது. ஆகவே உடனே கொல்லும் விஷம் இங்கே உதவாது. இரத்தம் உறைய உதவும் புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். பயன்படுத்திய வைட்டமினை உடல் ஒரு நொதியின் உதவியால் புதுப்பித்துக்கொள்ளும். பிரோடிஃபாகம் அந்த நொதியை முடக்குகிறது. ஆனால் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைபுரதங்கள் சில நாட்களுக்குத் தாங்கும் என்பதால், எலிக்கு எதுவும் தெரியாது. நிம்மதியாகத் தின்றுகொண்டே இருக்கும். கையிருப்பு தீர்ந்ததும் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். கொடுமையான சாவுதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களும் மழுப்புவதில்லை.

அடுத்து, அந்தத் தீனி ஒவ்வொரு எலியின் வாய்க்கும் எட்ட வேண்டும். ஹெலிகாப்டரின் அடியில் தொங்கும் பெரிய வாளி, சுழலும் தட்டின் வழியாகத் தீனி உருண்டைகளை இறைத்துக்கொண்டே போகும். விமானி ஜிபிஎஸ் காட்டும் கோட்டை விட்டு விலகக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பவர் முன்பு இழுத்த பட்டையின்மேல் அடுத்ததை ஏற்றி இழுப்பது போல, ஒவ்வொரு பாதையும் முந்தையதன்மேல் பாதியளவு ஏறி விழும். செங்குத்துப் பாறைகளுக்குத் தனிச் சுற்று. பெரும்பாலும் சில நாட்களோ வாரங்களோ கழித்து இன்னொரு முறையும் தூவுவார்கள். முதல் முறை வளைக்குள்ளேயே இருந்த குட்டிகள் அதற்குள் வெளியே வந்திருக்கும். குளிர்ப் பிரதேசங்களில் இதற்குக் குளிர்காலத்தையோ அதை ஒட்டிய மாதங்களையோ தேர்ந்தெடுப்பார்கள். இரை குறைந்து பசி மிகுந்த காலம், குட்டி போடுவதும் குறைவு.

இப்படித்தான் 2001-இல் 113 சதுர கிலோமீட்டர் கொண்ட, நியூசிலாந்தின் கேம்ப்பெல் தீவில் 120 டன் தீனி இறைக்கப்பட்டது. அப்போது அது பைத்தியக்காரத்தனமான அளவாகத் தெரிந்தது. பிறகு தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவு வந்தது: தூவ வேண்டிய பரப்பே ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. ஆனால் கடல்வரை இறங்கும் பனியாறுகளை எலிகளால் தாண்ட முடியவில்லை என்பதால் தீவு தானாகவே பல துண்டுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு துண்டாக 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் முடித்தார்கள். புவி வெப்பமயமாதலால் பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. தாமதித்திருந்தால் துண்டுகள் ஒன்றாகியிருக்கும்.

வெப்பமண்டலத் தீவுகள் தனித் தலைவலி. அங்கே ஆண்டு முழுவதும் இரை உண்டு, குட்டிகளும் உண்டு. போதாக்குறைக்கு நில நண்டுகள் தீனியைத் தின்றுவிடும். முதுகெலும்பு இல்லாத அவற்றுக்கு அந்த மருந்தால் ஒன்றும் ஆவதில்லை. பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் 2011-இல் இறைத்த தீனிக்குத் தப்பியவை நூறுக்கும் குறைவான எலிகளே என்று மரபணு ஆய்வு பின்னர் மதிப்பிட்டது. அவை போதுமானதாக இருந்தன. தீவு மறுபடி எலிமயமானது. அதே ஆண்டு பல்மைரா பவளத்தீவில் நண்டுகளின் பங்கையும் கணக்கில் சேர்த்துத் தூவினார்கள். மரத்தைவிட்டு இறங்காத எலிகளுக்காகத் தென்னையின் தலைப்பகுதியிலும் தீனி வைத்தார்கள். எலிகள் ஒழிந்தன. கூடவே யாரும் எதிர்பாராமல், எலி இரத்தத்தை நம்பியிருந்த ஏஷியன் டைகர் கொசுவும் அங்கிருந்து மறைந்தது.

எல்லா விளைவும் இப்படி இனிப்பாக இருக்காது. அலாஸ்காவில் எலித் தீவு என்றே பெயர் பெற்றிருந்த தீவில் 2008-இல் மருந்து தூவியபோது எலிகளோடு 46 வெண்தலைக் கழுகுகளும் செத்தன. விஷம் தின்ற பறவைகளைக் கழுகுகள் தின்றதே காரணம். அந்தத் தீவின் பெயர் இப்போது ஹவாடக்ஸ். பறவைகள் திரும்பி வந்து, கரையோரப் பாசிகள்வரை சூழல் மீண்டிருக்கிறது. ஆனாலும் என் பார்வையில், அந்தக் கழுகுகளைத் தவிர்க்க முடியாத இழப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோ தீவில் 2019-இல் தூவுவதற்கு முன்பே, அங்கு மட்டுமே வாழும், பறக்க முடியாத வுட்ஹென் பறவைகளில் பெரும்பகுதியைப் பிடித்துக் கூண்டுகளில் பராமரித்து, ஆபத்து தணிந்த பிறகே விட்டார்கள்.

தூவி முடித்தவுடன் யாரும் வெற்றி என்று சொல்வதில்லை. மிஞ்சியவை பெருகிக் கண்ணில் படும் அளவுக்கு, வழக்கமாக இரண்டு ஆண்டுகள்வரை காத்திருப்பார்கள். அப்புறம் வேர்க்கடலை வாசனை மெழுகில் பல் தடம் இருக்கிறதா, மை தடவிய குழாய்களில் கால் தடம் இருக்கிறதா, கேமராவில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பார்கள்; மோப்ப நாய்கள் நடந்தே தேடும். தெற்கு ஜார்ஜியாவை எலியற்ற தீவு என்று அறிவித்தது 2018-இல்தான். லார்ட் ஹோவிலோ, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது 2021-இல் இரண்டு எலிகள் தென்பட்டன. வேட்டையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதனால்தான் தெற்கு ஜார்ஜியாவுக்குப் புறப்படும் கப்பல்களை ஃபாக்லாந்தின் ஸ்டான்லி துறைமுகத்திலேயே மோப்ப நாய்கள் ஏறிச் சோதிக்கின்றன.