கசக்கும் பூசணியைச் சமைக்காதீர்கள்

இலையுதிர் காலத்தில் மஞ்சள் பூசணியும் பட்டர்நட், கபோச்சா, ஏகார்ன் போன்ற ஸ்குவாஷ் எனப்படும் பூசணி வகைகளும் அறுவடைக்கு வந்துவிட்டால், என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது சர்க்கரையைப் பற்றித்தான். இவ்வளவு இனிக்கிறதே, நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடலாமா என்பார்கள். அளவோடு தாராளமாகச் சாப்பிடலாம். சமைக்காத பூசணி 100 கிராமில் சுமார் 26 கலோரியும் ஆறரை கிராம் மாவுச்சத்தும்தான் இருக்கின்றன. பட்டர்நட்டில் கொஞ்சம் கூடுதல், 45 கலோரி, 12 கிராம் மாவுச்சத்து. இதைச் சொல்லி முடித்ததும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்கிறீர்களா? அனேகமாக யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூசணிக் குடும்பத்துச் செடிகள் தங்களைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்ட குக்குர்பிட்டாசின் என்ற சேர்மங்களை உண்டாக்குகின்றன. காட்டுப் பூசணிகள் இதனால் கடுமையாகக் கசக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் கசக்காத காய்களின் விதைகளையே தேர்ந்தெடுத்து விதைத்து வந்ததால்தான் இன்றைய பூசணி இனிக்கிறது. ஆனால் அந்தக் கசப்பு எப்போதாவது திரும்பி வந்துவிடும். அப்படி வரும்போது அது நஞ்சு. வேகவைத்தாலும் வறுத்தாலும் சுட்டாலும் அழியாது. உப்பு போட்டுப் பிழிந்துவிட்டால் சரியாகிவிடும், முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்றெல்லாம் சொல்வதை நம்பாதீர்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ குமட்டல், வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, பேதி தொடங்கும். சில சமயம் பேதியில் ரத்தம் வரும், ரத்த அழுத்தம் விழும். பிரான்சில் 2012 முதல் 2016 வரை கசப்பான பூசணி வகைகளைச் சாப்பிட்ட 353 பேரைப் பற்றி நஞ்சுக் கட்டுப்பாட்டு மையங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. 2015இல் ஜெர்மனியில் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் (வெள்ளரி போல் நீளமாக இருக்கும் பூசணி வகை) சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் ஒருவர் மருத்துவமனையில் இறந்துபோனார். 2018இல் ஒரு தோல் மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றிய குறிப்பு வந்தது. ஒருவர் கசந்த பூசணி சூப்பையும் இன்னொருவர் கசந்த ஸ்குவாஷையும் சாப்பிட்டிருக்கிறார்கள். வாந்தியும் பேதியும் வந்து போன பிறகு, சில வாரங்களுக்குள் இருவருக்கும் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்திருக்கிறது.

பாகற்காயும் கசக்கிறதே, அதைச் சாப்பிடவில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு, அந்தக் கசப்பைத் தரும் சேர்மங்களும் வேறு. பூசணி, ஸ்குவாஷ், சுக்கினி, சுரைக்காய், வெள்ளரி ஆகியவை கசக்கவே கூடாதவை. கசந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

இந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சேமித்து வைத்த விதையிலிருந்து. இலையுதிர் காலத்தில் அழகுக்காக வைக்கும் குட்டிக் குட்டிப் பூசணிகளும் சுக்கினியும் ஏகார்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பக்கத்தில் வளர்ந்தால் தேனீ ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். அந்த ஆண்டு காய்க்கும் காயில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதன் விதையை எடுத்து அடுத்த ஆண்டு போட்டால்தான் வினை. வெளித்தோற்றத்தில் நல்ல சுக்கினி மாதிரியே இருக்கும், உள்ளே விஷம். ஆகவே வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பூசணி விதையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிவிடுவது நல்லது. குப்பை மேட்டில் தானாக முளைத்த கொடியின் காயைச் சமைக்கவே வேண்டாம். அப்புறம், அழகுக்கு வைத்த குட்டிப் பூசணிகளைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கடுமையான வெயிலிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் தவித்த செடியின் காயிலும் கசப்பு கூடலாம்.

கடையில் வாங்கியதில் இந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சோதிப்பது சுலபம். காயை வெட்டியதும் விரல் நுனி அளவு துண்டை மென்று பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

காரமும் உப்புமாகச் சமைக்கும்போது இது ஏன் கூடுதலாக முக்கியம் என்றால், அந்தச் சமையலில் கசப்புக்குச் சாக்குச் சொல்ல நிறைய பொருட்கள் இருக்கின்றன. பூண்டு கருகினால் கசக்கும். சேஜ் என்ற வாசனை இலை அதிகமானால் கசக்கும். வால்நட் தோலிலும் கசப்பு உண்டு. சூப்பில் ஏதோ கசக்கிறது என்றால் பூண்டு தீய்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சீஸ், கொஞ்சம் கிரீம் சேர்த்துச் சமாளிக்கத்தான் தோன்றும். அதனால் நான் சொல்லும் முறை இது: பூசணியை முதலில் தனியாகச் சுடுங்கள், ருசி பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இந்த முறையில் சுவையும் கூடுகிறது. பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நேராகத் தண்ணீரில் வேகவைத்து அரைத்தால் சப்பென்று இருக்கும். மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஈரம் துடைத்து, எண்ணெய் தடவி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 30 முதல் 40 நிமிடம் வைத்தால் தண்ணீர் சுண்டி ஓரங்கள் பழுப்பேறும். தட்டை நெரித்து நிரப்பினால் துண்டுகள் ஆவியில் வெந்து குழைந்துவிடும், நிறமே வராது. சுட்ட துண்டுகளை வதக்கிய வெங்காயத்தோடு அரைத்தால் சூப். அவற்றோடு காளானும் மிளகாய்த் தூளும் சேர்த்தால் அரிசியோடோ பாஸ்தாவோடோ சாப்பிடும் கறி. கடைசியில் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கொஞ்சம் விடுங்கள், இனிப்பு அடங்கி சுவை எழும்பும். பலர் இந்தப் புளிப்பை விட்டுவிட்டு உப்பைக் கூட்டுகிறார்கள். சூப்புக்குச் சுவை சேர்க்கும் ஸ்டாக் கட்டி, சீஸ் இரண்டிலும் ஏற்கெனவே உப்பு நிறைய. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு கிண்ணம் சூப்பிலேயே அதில் பெரும்பங்கு போய்விடக்கூடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். எடை குறைப்பதற்காகத் துளி எண்ணெய்கூட இல்லாமல் சமைக்காதீர்கள், ஒரு தேக்கரண்டி இருக்கட்டும். சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் என் ஆலோசனை வேறு. 100 கிராம் பூசணியில் சுமார் 340 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, சுட்டால் அது குறையாது. அவர்கள் சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடலாம். சூப் அவர்களுக்கு ஏற்றதல்ல.

மீந்த கூழை ஜாடியில் அடைத்து வீட்டிலேயே கேனிங் செய்யாதீர்கள். அமிலம் குறைவான கெட்டிக் கூழின் நடுப்பகுதிவரை வெப்பம் சரியாகப் போய்ச் சேராது, பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

வயதானவர்களுக்கும் சில மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கும் நாக்கில் சுவை மங்கியிருக்கும். அந்த வீட்டில் ருசி பார்க்கும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். குழந்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கசக்கிறது என்று துப்பினால், அடம் என்று அதட்டி ஊட்டாதீர்கள். முதலில் நீங்கள் அதை ருசித்துப் பாருங்கள். விருந்துக்குப் போன இடத்தில் கசந்தாலும் இதே கதைதான். மரியாதைக்காகத் தட்டைக் காலி செய்ய வேண்டாம், சமைத்தவரிடம் சொல்லுங்கள். மற்றவர்களும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால் வாந்தியை வலிய வரவழைக்காதீர்கள். நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்து ஆலோசனை கேளுங்கள். வாந்தி நிற்காவிட்டால், பேதியில் ரத்தம் தெரிந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு முறிமருந்து கிடையாது, உடல் இழந்த நீரையும் உப்புகளையும் ஈடுகட்டுவதுதான் சிகிச்சை. மிச்சமிருக்கும் காய்த்துண்டையோ உணவையோ கையோடு எடுத்துப் போய், கசந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண உணவு ஒவ்வாமை என்றோ கிருமித் தொற்று என்றோதான் அவர் நினைப்பார்.