பாஸ், ஓதம், தூண்டில்: மூன்று சொற்களின் கதை

ஆங்கிலத்தில் நாலே சொல்லில் அடங்கிவிடுகிற விஷயம்: கடல்நீரின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறுகளில் பாஸ் என்கிற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது. அவசரத்தில் அகராதியைப் புரட்டித் தமிழாக்கினால் ‘அலை ஆறுகளில் பாஸ் பிடித்தல்’ என்று வந்து நிற்கும். படிப்பவர் என்ன நினைப்பார்? ஆற்றில் ஏது அலை? பாஸ் என்றால் தேர்வில் ஆவதா, பேருந்தில் காட்டுவதா, அலுவலகத்தில் அதட்டுபவரா? தமிழ் எழுத்தில் மூன்றுமே பாஸ்தான். நான்காவதாக ஒரு மீனும் அந்த வரிசையில் வந்து நிற்கிறது.

முதலில் மீன். இசையில் தாழ்ந்த சுரத்தைக் குறிக்கிற சொல்லையும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள்; ஆனால் அதை ‘பேஸ்’ என்று சொல்ல வேண்டும். ‘தாழ்ந்த’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழியில் வந்தது அது. மீனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மீனின் பெயர் பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ‘பேர்ஸ்’ என்று ஒலித்தது. நடுவிலிருந்த ரகரம் பின்னால் உதிர்ந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் இன்னும் ‘பார்ஷ்’, டச்சு மொழியில் ‘பார்ஸ்’ என்று ரகரம் அப்படியே இருக்கிறது, அங்கே அது குறிப்பது கொஞ்சம் வேறான நன்னீர் மீனை என்றாலும். வேரில் இருக்கும் பொருள் விறைத்த மயிர், முள். முதுகுத் துடுப்பைச் சிலிர்த்துக்கொண்டிருக்கும் இந்த மீனை ஒருமுறை கவனமில்லாமல் கையில் பிடித்தவருக்குப் பெயர்க் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முள்ளைப் பார்த்து வைத்த பெயர் என்பதால் முள்துடுப்புள்ள பல மீன்களுக்கு அது ஒட்டிக்கொண்டது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஐரோப்பியக் கரைகளில் பாஸ் என்றால் கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையே திரிகிற வெள்ளிநிற மீன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உடம்பு நெடுக வரிவரியாகக் கோடு ஓடும் மீன் ஒன்று அந்தப் பெயரைப் பெற்றது. இது ஐரோப்பிய மீனுக்கு உறவுதான். ஆனால் அமெரிக்கத் தூண்டில்காரர்கள் இன்று வெறுமனே பாஸ் என்று சொன்னால் பெரும்பாலும் அகன்ற வாயுள்ள நன்னீர் மீனைத்தான் நினைக்கிறார்கள். உயிரியலில் அது வேறு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் சூரியமீன் என்று பெயர். 1802-இல் லாசெபேத் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த இனத்துக்கு ‘மைக்ரோப்டெரஸ்’, அதாவது ‘சிறு துடுப்பு’, என்று பெயர் சூட்டினார். அவர் கையில் கிடைத்த மீனின் முதுகுத் துடுப்பு கிழிந்து ஒரு துண்டு தனியாக நின்றதாம்; அதையே இயல்பான சிறு துடுப்பு என்று எடுத்துக்கொண்டார். கிழிந்த துடுப்பின் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. வியாபாரப் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். உணவகங்களில் ‘சிலி நாட்டு சீ பாஸ்’ என்று வருவது பாஸே அல்ல. தென்கடலின் ஆழத்தில் வாழும் வேறொரு மீனுக்கு 1977-இல் ஓர் அமெரிக்க வியாபாரி விற்பனைக்காக வைத்த பெயர் அது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நம்மிடம் கொடுவா இருக்கிறதே என்று உடனே தோன்றும். கொடுவாய் என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஆசிய சீ பாஸ் என்று சொல்லும் மீன், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி எனப்படுவது, நம் கொடுவாதான். அந்த மீனைப் பற்றி எழுதும்போது ‘பாஸ்’ என்று எழுதுவது வீண்வேலை. ஆனால் எதிர்த்திசையில் போய், அமெரிக்க ஆற்று பாஸையும் கொடுவா என்று மாற்றுவது அதைவிடப் பெரிய பிழை. இரண்டின் வாழ்க்கையும் வேறு. கொடுவா ஆற்றில் வளர்ந்து, முட்டையிட உப்புநீரை நோக்கி இறங்கும். முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும். வரி பாஸ் இதற்கு நேர்மாறு: கடலில் திரிந்துவிட்டு முட்டையிட ஆற்றின் நன்னீருக்கு ஏறி வரும். அகன்ற வாய் மீனோ கடலுக்கே போவதில்லை. மூன்றையும் ஒரே பெயரில் அடைத்தால், எந்த மீன் எந்தப் பக்கம் போகிறது என்று படிப்பவருக்குத் தலை சுற்றும்.

பெயரில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. தமிழில் ‘கொடு’ என்பதற்கு வளைந்த என்றும் கொடிய என்றும் பொருள். கொடுவாவின் வாயைப் பார்த்தவருக்கு இரண்டுமே பொருந்துவதாகத் தோன்றும். ஐரோப்பிய பாஸை கிரேக்கர்கள் ‘லாப்ராக்ஸ்’ என்றார்கள். பெருந்தீனி, மூர்க்கம் என்ற பொருளிலிருந்து வந்த சொல். ரோமானியர்கள் அதை ஓநாய் என்றே அழைத்தார்கள்; ஸ்பானிய மொழியின் ‘லுபினா’வில் அந்த ஓநாய் இன்னும் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலம் முதுகு முள்ளைப் பார்த்தது. மற்றவர்கள் பசியைப் பார்த்தார்கள். தூண்டில் போடுகிறவருக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

என் பரிந்துரை இதுதான்: பாஸ் என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனியாக விடக்கூடாது. ‘பாஸ் மீன்’ என்று ஒரு சொல் கூடச் சேர்த்தாலே தேர்வும் பேருந்தும் விலகிவிடும். இனம் சொல்ல வேண்டிய இடத்தில் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், வரி பாஸ். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1639-இல், காட் மீனையும் பாஸ் மீனையும் வயலுக்கு உரமாகப் போடக்கூடாது என்று சட்டம் போட்டது. அது வரி பாஸ். 1879-இல் நியூ ஜெர்சி ஆறு ஒன்றிலிருந்து நூற்றுச் சொச்சம் குஞ்சுகளை ரயிலில் ஏற்றி, கண்டத்தின் மறுகரைக்குக் கொண்டுபோய் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் விட்டார்களே, அதுவும் வரி பாஸ்தான். ‘பாஸ்’ என்று மட்டும் எழுதினால் இதெல்லாம் பெருவாய் மீனின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது ‘அலை ஆறு’. இங்கே ஒலிபெயர்ப்பே தேவையில்லை. நமக்கு ஓதம் இருக்கிறது. அலை காற்றால் எழுவது. ஓதம் நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல்நீர் மொத்தமாக உயர்ந்து தாழ்வது. நெய்தல் பாடல்களில் ஓதமும் கழியும் அடிக்கடி வரும். பேச்சுவழக்கில் இந்தச் சொல் சுவருக்குக் குடிபெயர்ந்துவிட்டது: ‘சுவரில் ஓதம் ஏறுது’ என்றால் ஈரம் கீழிருந்து மேலே ஊறுகிறது என்று பொருள். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருத்தமே. சத்தமில்லாமல், அலையில்லாமல், நீர் மேலேறுவதுதானே ஓதம். ஏறுவதை ஏற்றம், வடிவதை வற்றம் என்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ஏற்றவற்றம். இலங்கைத் தமிழில் வற்றுப்பெருக்கு. எனக்கு இந்தச் சொல் மேல் ஒரு தனிப் பிரியம். நீர் செய்யும் வேலையை அப்படியே சொல்லிவிடுகிறது.

ஓதத்துக்கான ஆங்கிலச் சொல்லான ‘டைடு’ முதலில் நீரைக் குறிக்கவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காலம், பொழுது என்றே பொருள். ஜெர்மன் மொழியில் காலத்தைக் குறிக்கும் ‘ட்ஸைட்’ அதன் உடன்பிறப்பு. கடல் ஏறும் நேரம் என்பதிலிருந்து, ஏறும் கடலுக்கே அந்தப் பெயர் போய்விட்டது. நம் பக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. வடமொழியில் ‘வேலா’ என்றால் எல்லை, கரை, பொழுது, ஓதம் எல்லாம். அது தமிழுக்கு வந்தபோது இரண்டாகப் பிரிந்தது: பொழுதைக் குறிப்பது வேளை, கடலையும் கரையையும் குறிப்பது வேலை. (நாம் செய்கிற வேலை வேறு சொல்.) மலையாளத்தில் ஓதம் ஏறுவதை ‘வேலியேற்றம்’ என்கிறார்களே, அதுவும் இந்த வேலைதான். இரு வேறு மொழிகள் காலத்தையும் கடலேற்றத்தையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதைவிட நம்பகமான கடிகாரம் வேறு என்ன இருந்திருக்கும்?

ஆக, ஓதம் ஏறி இறங்குகிற ஆறு ஓத ஆறு. கழி என்று சொன்னால் என்ன என்று சிலர் கேட்கலாம். கழி என்றதும் உப்பு நினைவுக்கு வரும்; உப்பங்கழி என்றே சொல்கிறோம். ஓதம் உப்பைவிட வெகுதூரம் உள்ளே போகும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் கடலிலிருந்து ஏறத்தாழ 245 கிலோமீட்டர் உள்ளே, டிராய் நகர அணைவரை நீர் ஏறி இறங்குகிறது. மேல்பாதி முழுக்க நன்னீர். அங்கே வாழ்ந்த மொஹிக்கன் மக்கள் அந்த ஆற்றுக்கு வைத்த பெயருக்கு இருபுறமும் ஓடும் நீர் என்று பொருள் சொல்வார்கள். போட்டோமாக் ஆற்றில் வாஷிங்டன் நகரத்தருகிலும் இதே கதை. பெருவாய் பாஸ் குடியிருப்பது இந்த நன்னீர் ஓதப் பகுதியில். கழி என்று மொழிபெயர்த்தால் அந்த மீனை உப்புக்குள் தள்ளிவிடுகிறோம்.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் தொழிலும் தானாகப் புரியும். ஏற்றத்தின்போது நீர் கரையோரக் கோரைக்குள்ளும் செடிகளுக்குள்ளும் புகுந்துவிடும். சிறு மீன்கள் உள்ளே போகும், பாஸும் பின்னால் போய்ச் சிதறிவிடும். வற்றம் தொடங்கியதும் உள்ளே இருந்தவை வெளியே வந்தே ஆக வேண்டும். கிளை ஓடைகளின் வாயில், தூண்களின் மறைவில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து பாஸ் காத்திருக்கும். தூண்டில்காரர்கள் வற்றத்தை விரும்புவது இதனால்தான். ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளையில் நீர் அசையாமல் நிற்கும். அப்போது மீனும் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பொதுவாக 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றுக் காலை மீன் கடித்த நேரத்தை இன்றும் நம்பிப் போனால் ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்பீர்கள். கடல்வாய்க்கு எழுதிய ஓத அட்டவணை ஆற்றின் மேலே பல மணி நேரம் தள்ளியே பொருந்தும். ஆற்றின் மேற்பகுதியில் ஏற்றம் சீக்கிரம் முடிந்து, வற்றம் நீண்டுகொண்டே போகும். ஆற்றின் சொந்த ஓட்டமும் கடலை நோக்கித்தானே.

கடைசியாகத் தூண்டில். இதைத் தூண்டு என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பது இயல்பு. மீனின் பசியைத் தூண்டுகிற கருவி. இன்று பலர் முள்ளை மட்டும் தூண்டில் என்று வைத்துக்கொண்டு, கோலுக்கு ‘ராட்’ என்று எழுதுகிறார்கள். குறுந்தொகையின் 54-ஆம் பாட்டில் காட்டு யானை வளைத்துப் பிடித்த பச்சை மூங்கிலைச் சத்தம் கேட்டு விட்டுவிட, அது விசுக்கென்று மேலே எழுகிறது. மீன் சிக்கியதும் சுண்டி எழும் தூண்டில் போல. மேலே எழுவது முள் அல்ல, கோல். அந்த உவமையாலேயே பாட்டை எழுதியவருக்கும் மீனெறி தூண்டிலார் என்றுதான் பெயர்.