ஸ்பிண்டிலைக் கழற்றும் முன் சத்தத்தைச் சோதியுங்கள்

உலோகத்தை வெட்டிச் செதுக்கும் வி.எம்.சி. இயந்திரத்தில், வெட்டுக்கருவியைப் பிடித்துச் சுழற்றும் தண்டுத் தொகுப்பான ஸ்பிண்டிலில் வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டதும், பெரும்பாலான தொழிற்கூடங்களில் முதலில் எட்டப்படும் முடிவு “பேரிங் போய்விட்டது” என்பதுதான். ஸ்பிண்டில் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எங்களிடம், பேரிங்கில் எந்தக் குறையும் இல்லாத ஸ்பிண்டில்களும் அவ்வப்போது வந்து சேர்கின்றன. பெல்ட்டோ மோட்டாரோ, வெட்டுக்கருவியைத் தாங்கும் டூல் ஹோல்டரோ எழுப்பிய சத்தத்துக்காக, மைக்ரான் கணக்கில் பிரீலோட் (பேரிங்குகளுக்கு முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம்) வைத்துப் பூட்டப்பட்ட ஒரு தொகுப்பு தேவையில்லாமல் பிரிக்கப்படுகிறது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே கெட்டுப்போன பேரிங்கை “இந்த ஆர்டர் முடியட்டும்” என்று ஓட்டி, ஷாஃப்ட்டையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது. சத்தம் எந்த நிலையில் எழுகிறது, எதை மாற்றினால் அடங்குகிறது என்பதை இயந்திரத்தின் மேலேயே சோதித்துப் பார்த்தால் இந்த இரண்டு இழப்புகளையும் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

முதலில் செய்ய வேண்டியது, சத்தம் வரும் வேகத்தில் ஸ்பிண்டிலை ஓட்டிவிட்டு, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தி, அதைத் தானாகவே சுற்றி ஓய விடுவது. சாதாரண நிறுத்தக் கட்டளை கொடுத்தால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான டிரைவே பிரேக் போட்டுவிடும் என்பதால், மின்சாரத்தை விடுவித்து ஓய விடுவதற்கு இயந்திரத்தின் கையேடு சொல்லும் முறையையே பின்பற்ற வேண்டும். மின்சாரம் நின்ற கணத்திலேயே சத்தமும் நின்றால் அது மோட்டார் அல்லது டிரைவ் சார்ந்தது. வேகம் குறையக் குறையச் சத்தத்தின் சுருதியும் இறங்கிக்கொண்டே வந்தால் அது சுழலும் பாகங்களிலிருந்து வருவது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உறுமி, அதற்கு மேலும் கீழும் அடங்கிவிட்டால், தளர்ந்த கவசத் தகடு, பெல்ட்டின் இழுவை, மோட்டார் தாங்கியின் போல்ட் ஆகியவற்றில் எழும் ஒத்ததிர்வை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வார்ப்பிரும்பு உடல் சத்தத்தை எளிதில் கடத்தும் என்பதால், காதுக்கு எங்கிருந்து வருவதாகத் தோன்றுகிறதோ அங்கேயே பழுது இருக்கும் என்று சொல்ல முடியாது. பெல்ட் இயக்கத்தில் ஓடும் ஸ்பிண்டிலாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியபின் பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதும், பிறகு எல்லாரையும் விலக்கி நிறுத்திவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டிக் கேட்பதும் அரை மணி நேர வேலைதான்.

அடுத்தது டூல். சமன் செய்யப்படாத ஹோல்டரின் அதிர்வு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே நிமிடத்துக்கு 4000 சுற்றில் அமைதியாக இருந்த ஹோல்டர் 8000 சுற்றில் இரைவதில் வியப்பில்லை. நன்றாகச் சமன் செய்யப்பட்ட வேறொரு ஹோல்டரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டூல் இல்லாமல் அதிவேகத்தில் ஓட்டுவதைப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது, ஹோல்டரை ஸ்பிண்டிலுக்குள் இழுத்துப் பிடிக்கும் தண்டான டிரா பாரைத்தான். டூலை இறுக்கிப் பிடிக்கும் டிஸ்க் ஸ்பிரிங்குகளில் ஒன்றிரண்டு உடைந்தால், துண்டுகள் ஒவ்வொரு டூல் மாற்றத்தின்போதும் இடம் மாறி அமர்கின்றன, அதனால் ஸ்பிண்டிலின் சமநிலையும் மாறுகிறது. கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கூடத்தில், காலையில் இரைந்த ஸ்பிண்டில் பத்து மணிக்கு அமைதியாகி மதியம் மீண்டும் இரைந்தது. பேரிங் மாற்ற எல்லாம் தயாராக இருந்தது. அதே ஹோல்டரை வெளியே எடுத்து மீண்டும் பிடிக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் அதிர்வை அளந்தபோது அளவு தாறுமாறாக மாறியது. பேரிங் பழுது அப்படி மாறிக்கொண்டிருப்பதில்லை. பிடிப்பு விசையை அளந்தோம், அது குறைந்திருந்தது. பிரித்தபோது உடைந்த ஸ்பிரிங்குகள் கிடைத்தன. பிடிப்பு விசை குறைந்த ஸ்பிண்டிலில் வேகமாக வெட்டுவது ஆபரேட்டரின் உயிருக்கே ஆபத்து என்பதால், இந்த அளவீட்டை நான் எப்போதும் வலியுறுத்துகிறேன்.

இவையெல்லாம் விலகிய பிறகே பேரிங்குக்கு வர வேண்டும். 70 மி.மீ. உள்துளையும் 20 குண்டுகளும் கொண்ட கோணத் தொடர்பு பேரிங் (குண்டுகள் வளையங்களைச் சாய்வான கோணத்தில் தொடும் வகை) ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்றில், அதாவது நொடிக்கு 50 சுற்றில் ஓடுவதாகக் கொள்வோம். வெளிவளையத்தில் குழி விழுந்தால் சுமார் 430 ஹெர்ட்ஸிலும், உள்வளையத்தில் விழுந்தால் சுமார் 570 ஹெர்ட்ஸிலும் அதிர்வு எழும். இரண்டையும் கூட்டினால் குண்டுகளின் எண்ணிக்கையைச் சுழற்சியால் பெருக்கிய 1000 வரும். இவை 50-இன் முழு மடங்குகளாக அமைவதில்லை என்பதே முக்கியம். சமனின்மை சரியாக 50 ஹெர்ட்ஸில் தெரியும். பல் பெல்ட்டின் ஓலமோ புல்லியின் பற்களைச் சுழற்சியால் பெருக்கிய எண்ணில் துல்லியமாக நிற்கும். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கைப்பேசிச் செயலியே இந்த வேறுபாட்டை ஓரளவு காட்டிவிடும். ஆனால் பேரிங் பழுது முதலில் வெளிப்படுவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களில்தான். காதால் கேட்கும்போது அது முற்றிய கட்டத்தை அடைந்திருக்கும்.

நீண்ட ஓய்வுக்குப்பின் எழுந்து, இயந்திரம் சூடானதும் அடங்கும் சத்தம் பெரும்பாலும் கிரீஸ் பரவாததால் வருவது. சூடாகச் சூடாகக் கூர்மையாகும் ஓலம் வேறு வகை. ஷாஃப்ட்டும் உள்வளையமும் விரிந்து பிரீலோட் கூடுவதையோ கிரீஸ் கெட்டதையோ அது குறிக்கலாம். சத்தத்தோடு முன்முனையின் வெப்பமும் வேகமாக ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கிரீஸ் கெடுவதற்குப் பெரிய காரணம், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கப் பாய்ச்சும் திரவமான கூலன்ட். ஸ்பிண்டில் முனையின் சீல் வழியே வெளியே வந்துகொண்டிருக்கும் காற்றே கூலன்ட்டைத் தடுக்கிறது. இரவில் கம்ப்ரசரை நிறுத்தினால் அந்தக் காற்றும் நிற்கிறது. முனையில் தேங்கிய ஈரம் உள்ளே இறங்குகிறது. ஏர் கன்னை ஸ்பிண்டில் முனைக்கு நேராகப் பிடித்துச் சுத்தம் செய்யும் பழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது. துருப்பிடித்த வளையங்களோடு வரும் ஸ்பிண்டில்களைப் பார்க்கும்போதெல்லாம், தடுத்திருக்கக்கூடிய செலவு இது என்ற ஆதங்கம் எனக்கு எழுகிறது.

ஸ்பிண்டில் நல்ல நிலையில் இருக்கும்போதே, ஒரே ஹோல்டரோடு, ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் கைப்பேசியை வைத்து மாதம் ஒருமுறை ஒலிப்பதிவு செய்து வையுங்கள். பழுதுபார்க்க அனுப்ப நேர்ந்தால் அந்தப் பதிவுகளோடு, சத்தம் எந்த வேகத்தில் வந்தது, குளிர்ந்த நிலையிலா சூடான பிறகா, டூல் மாற்றியபின் மாறியதா, அண்மையில் டூல் எங்காவது மோதியதா என்பதையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.