தூரிகைக்குப் பக்கவாதமா?

அக்காள் மகள் கணினியோடு இணைத்துப் பேனாவால் படம் வரையும் வரைபலகை ஒன்றைப் புதிதாக வாங்கினாள். அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் திரையில் கோடு ஒரே பருமனில், கயிற்றைக் கிடத்தியதுபோல விழுந்தது. மென்பொருளின் உதவிக்குறிப்பைத் தமிழில் திறந்து பார்த்தாள். "தூரிகைப் பக்கவாதம் சீராக இல்லையெனில் பேனா அழுத்தத்தைச் சரிபார்க்கவும்" என்று இருந்தது. "மாமா, இது கம்ப்யூட்டருக்கா, தாத்தாவுக்கா?" என்று கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு இது நான்காவது தடவை என்பதால் சிரிப்பு வரவில்லை.

எந்திரம் 'பிரஷ் ஸ்ட்ரோக்' என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரோக்', அடித்தலைக் குறிக்கும் 'ஸ்ட்ரைக்' என்ற வினையின் உறவு. மணி அடிப்பது, நீச்சலில் கை வீசுவது, தூரிகையை ஒரு தடவை இழுப்பது எல்லாம் அதில் அடங்கும். நோயைக் கடவுளின் கை அடித்த அடி என்று அந்த ஊரார் ஒரு காலத்தில் எண்ணியதால் பக்கவாதத்துக்கும் அதே பெயர் வந்தது. நம் தூரிகை வடமொழியின் தூலிகாவிலிருந்து வந்தது. அங்கே 'தூலம்' என்றால் பஞ்சு. சங்கத் தமிழில் அதன் பெயர் துகிலிகை. நற்றிணை 118ஆம் பாட்டில், பாதிரிப் பூவின் பஞ்சிழை போன்ற துய்யுள்ள தலைக்கு ஓவியர் அரக்கு ஊட்டிய துகிலிகை உவமையாகிறது. 'ஊட்டிய' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்தை எதிர்த்து வாதாடுவது வீண்வேலை. அது எந்திரத்தின் பிழை. ஒரு மனிதர் படித்துப் பார்த்திருந்தால் போயிருக்கும். என் சண்டை, படித்த மொழிபெயர்ப்பாளர்கள் விரும்பிப் போடும் 'தூரிகை வீச்சு' என்ற சொல்லோடுதான். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீசுவது என்றால் என்ன? வாளை வீசுகிறோம், வலையை வீசுகிறோம், பரோட்டா மாவையும் வீசுகிறோம். மூன்றிலும் காரியம் காற்றில் நடக்கிறது. தூரிகையின் காரியமோ பரப்பைத் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. வரைபலகையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பேனாவைப் பலகையைத் தொடாமல் சற்று மேலே பிடித்து அசைத்தால் சுட்டி மட்டும் நகரும். ஒரு புள்ளிகூட விழாது. வீச்சு என்று சொல்லத் தகுந்தது அதுதான். முனை பலகையைத் தொட்டது முதல் எடுப்பது வரையில் உள்ளதுதான் 'ஸ்ட்ரோக்'.

இது வெறும் சொற்சண்டை இல்லை. கிரிட்டா என்ற வரைமென்பொருளில் தூரிகைக்கு 'வாஷ்', 'பில்ட் அப்' என இரண்டு முறைகள் உண்டு. 'வாஷ்' முறையில் ஒளிபுகாமையை, அதாவது நிறம் அடியில் உள்ளதை மறைக்கும் அளவை, 50 விழுக்காட்டில் வைத்து, பேனாவை எடுக்காமல் போட்ட கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பத் தேய்த்துப் பாருங்கள். நிறம் 50ஐத் தாண்டாது. பேனாவை எடுத்துவிட்டு மறுபடி தொட்டால் உடனே கருக்கும். 'பில்ட் அப்' முறையில் எடுக்காமலே ஏறிக்கொண்டு போகும். "நிறம் ஏன் ஏறவில்லை" என்று தலையைச் சொறியும் புதியவருக்கு, ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். வீச்சு காட்டாது. போதாக்குறைக்கு இயற்பியல் பாடத்தில் வீச்சு அலையின் உயரத்தைக் குறிக்கிறது, துப்பாக்கிக்கு அது எட்டும் தொலைவு. கன்னத்தில் மெல்ல மெல்ல ஏற்றும் நிழலுக்கு இந்தப் பெயரா?

'இழுப்பு' என்கிறார்கள் சிலர். கோலத்தை நினைத்தால் எனக்கும் அதில் ஆசை உண்டு. "ஒரே இழுப்பில் போடு" என்று பாட்டிகள் சொல்வார்கள். ஆனால் இழுப்பு என்றால் மூச்சிரைப்பும்தான். பக்கவாதத்திலிருந்து தப்பி ஆஸ்துமாவில் விழுவதா? தீட்டு என்று வைத்தால் குளித்துவிட்டுத்தான் படம் போட வேண்டியிருக்கும்.

தீற்றல் என்பதே சரி. சுவருக்குச் சுண்ணாம்பு தீற்றினார்கள், நெற்றியில் திருநீறு தீற்றினார்கள். பரப்பைத் தொடுதல், ஒரு பொருளை அதில் விட்டுச்செல்லுதல், கையின் அழுத்தம் மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. அது 'தின்' என்பதன் பிறவினை. தின்னச் செய்வது, அதாவது ஊட்டுவது. துகிலிகைக்கு அரக்கை ஊட்டினார்கள், துகிலிகை சுவருக்கு ஊட்டியது. தமிழ் ஓவிய விமரிசனத்தில் தூரிகைத் தீற்றல் புழங்கும் சொல்தான். புதிதாகச் செய்யத் தேவையில்லை. மென்பொருள் ஒரு தீற்றலை நெருக்கமாக வைத்த பல முத்திரைகளாகத்தான் பதிக்கிறது. அவற்றை ஒற்றல் எனலாம். ஒற்றல்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால் தீற்றல் பாசிமணி மாலையாக உதிரும்.

அழுத்தத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பரப்பால் வகுத்தால்தான் அழுத்தம், பேனா அளப்பது விசையை மட்டுமே என்று ஓர் இயற்பியல் ஆசிரியர் திருத்தினார். சரிதான், ஆனால் "அழுத்தி எழுதாதே" என்று அவரும்தான் வகுப்பில் சொல்லியிருப்பார். ஈழத்துப் பாடநூல்களின் அமுக்கம் எனக்குப் பிடித்த சொல். காற்றழுத்தத் தாழ்வு என்று நாம் நீட்டுவதை அவர்கள் தாழமுக்கம் என்று முடித்துவிடுகிறார்கள். இருந்தாலும் கைக்கு அழுத்தமே பொருந்துகிறது. வம்பு வேறிடத்தில் இருக்கிறது. பொத்தானைச் சொடுக்குவதற்கும் 'அழுத்தவும்' என்றே எழுதுகிறார்கள். 8192 அழுத்தப் படிகளைப் பிரித்தறியும் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு "பேனாவை அழுத்தவும்" என்றால், தட்டுவதா, ஊன்றுவதா? தட்டு, ஊன்று என்று இரண்டு வினைகள் இருக்கும்போது ஒன்றையே தேய்ப்பது சோம்பல்.

அந்தக் குறிப்பை நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்: "தீற்றல் முழுவதும் ஒரே பருமனில் வந்தால், தூரிகையின் அளவு அழுத்தத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைத்தும் மாறாவிட்டால், பேனாவின் செய்தி கணினிக்கு வரும் இரண்டு வழிகளில் வின்டேப் வழியாக வருகிறதா, விண்டோஸ் இங்க் வழியாக வருகிறதா என்பதை அமைப்பில் மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள்." அக்காள் மகளின் சிக்கல் இரண்டாவது வகை. மாற்றியதும் மெல்லிதாகத் தொடங்கி நடுவில் பருத்து மறுபடி மெலியும் ஒரு தீற்றல் விழுந்தது. மாவிலை என்றாள், எனக்கு மீனாகத் தெரிந்தது.