மதிப்பீட்டாளர்களே, உங்கள் வேலையை யாரிடம் காட்டுகிறீர்கள்?

அரசுத் திட்டமோ தொண்டு நிறுவனத்தின் திட்டமோ, போட்ட பணத்துக்கு மக்களுக்கு என்ன கிடைத்தது என்று ஆராய்ந்து சொல்வது எங்கள் தொழில். பிறர் வேலையில் குறை நிறை காண்கிற எங்கள் வேலையைச் சரிபார்ப்பது யார்? பெரும்பாலும் யாரும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, களப் பணி முடிகிறது, அறிக்கை போகிறது, கடைசித் தவணைப் பணம் வந்து சேர்கிறது. நிதி கொடுத்தவர் முன்பக்கச் சுருக்கத்தைப் படிப்பார். ஆய்வு முறையில் இருந்த ஓட்டை யார் கண்ணிலும் படாமல் அடுத்த ஆய்வுக்கும் போய்விடும்.

துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரலாம் என்பதுதான். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்பேன்: நீங்கள் கடைசியாகத் தயாரித்த வினாத்தாளை, அது களத்துக்குப் போகும் முன், உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஒருவராவது படித்தாரா? அப்படிப் படிக்க ஆள் கிடைக்க, சக மதிப்பீட்டாளர்களோடு தொடர்பு வேண்டும்.

சென்னையில் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவதுண்டு. வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு துறைகள். அப்படி ஒரு கூட்டத்தில் இளம் ஆய்வாளர் ஒருவர் தன் ஆய்வுத் திட்டத்தை எங்கள் முன் வைத்தார். சுய உதவிக் குழுப் பெண்களின் கடன் சுமை குறைந்திருக்கிறதா என்பது ஆய்வு. கிராமங்களைத் தேர்ந்தெடுத்த முறையில் பழுதில்லை. கேள்விகளும் தெளிவாக இருந்தன. சுகாதாரக் கணக்கெடுப்புகளில் நீண்ட காலம் வேலை பார்த்த ஒருவர், வினாத்தாளை மூடி வைத்துவிட்டு, "உங்கள் களப் பணியாளர்கள் எத்தனை மணிக்கு ஊருக்குள் போவார்கள்?" என்று கேட்டார்.

காலை பத்து மணிக்குப் போய், மாலை நான்கு மணிக்குத் திரும்புவார்கள். வண்டி வாடகை அப்படித்தான் பேசியிருந்தது.

"வீடு பூட்டியிருந்தால்?"

பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். தவணை கட்டுவதற்காகவே கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஒவ்வொருவராக விடுபட, பகலில் வீட்டில் இருக்க வசதிப்பட்டவர்களின் பதில்களே தாளில் ஏறும். கடன் சுமை குறைந்துவிட்டது என்று அறிக்கை வரும். அதை யாரும் பொய்யென்று சொல்ல முடியாது, ஏனென்றால் எண்கள் சரியாகவே கூட்டப்பட்டிருக்கும். தேசியக் குடும்ப நல ஆய்வில் பூட்டிய வீட்டுக்குப் பதிலாக வேறு வீட்டைச் சேர்க்க அனுமதி இல்லை. அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். சுகாதாரக் கணக்கெடுப்பில் ஊறியவர்களுக்கு இது அரிச்சுவடி. நுண்கடன் ஆய்வு செய்கிறவர்களின் மேசைக்கு அது பல நேரம் வந்து சேர்வதில்லை. அன்று மாலையே திட்டம் மாறியது. நேர்காணல்கள் அந்தி நேரத்துக்குத் தள்ளிப்போயின. பெண் களப் பணியாளர்கள் இரவில் பத்திரமாகத் திரும்புவதற்கு வண்டிச் செலவும் சேர்க்கப்பட்டது.

இப்படி ஒரு சாரார் மட்டும் விடுபட்டுப்போகும் மாதிரிச் சாய்வு பற்றி எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அந்த ஆய்வாளரும் படித்தவர்தான். தன் சொந்தத் திட்டத்துக்குள், வண்டி வாடகைக் கணக்கில் அது ஒளிந்திருப்பதைக் காண இன்னொரு கண் தேவைப்பட்டது.

ஊர் மட்டத்தில் இப்படி என்றால், நாடுகளுக்கு இடையிலும் இதுவே நடந்திருக்கிறது. அதில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பது, எடை ஏறாமல் தேங்குகிற குழந்தைக்கு மட்டும் சிறிது காலம் கூடுதல் உணவு கொடுப்பது, தாய்க்கு ஊட்டச்சத்து பற்றி எடுத்துச் சொல்வது என்று அது நடந்தது. நல்ல பெயரும் பெற்றது. அதையே முன்மாதிரியாக வைத்து வங்கதேசத்தில் 1990-களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் அங்கே கிடைக்கவில்லை.

ஏன் என்று தேடிய மதிப்பீட்டாளர்கள் வீட்டுக்குள் பார்த்தார்கள். திட்டம் தாய்க்குக் கற்றுக்கொடுத்தது. அங்கேயோ கடைக்குப் போய்ப் பொருள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாமியாரோடு சேர்ந்து வாழும் வீடுகளில் அடுப்படியில் எது நடக்க வேண்டும் என்பது மாமியார் சொல். தாய்க்குத் தெரிந்திருந்தும் தட்டில் மாற்றம் வரவில்லை. கூடுதல் உணவு வீட்டு உணவோடு சேராமல், அதற்குப் பதிலாகப் போன வீடுகளும் இருந்தன. பின்னாளில் மதிப்பீட்டியல் வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பேசப்படும் பாடமாக இது ஆனது. ஒரு திட்டம் ஓர் ஊரில் ஏன் வேலை செய்தது என்பதை அறிக்கையின் கடைசி எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு ஊர்களையும் அறிந்தவர்கள் உட்கார்ந்து பேசினால்தான் தெரியவரும். தொழில்முறைத் தொடர்புகள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். வேலைவாய்ப்புக்கு ஆள் பிடிப்பது அதில் சிறு பகுதி.

எங்கே போவது? இலங்கையில் இருப்பவர்களுக்கு விடை எளிது. இலங்கை மதிப்பீட்டுச் சங்கம் 1999 முதல் இயங்கிவருகிறது. அரசு அதிகாரிகளும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் தொண்டு நிறுவனத்தாரும் ஒரே அறையில் உட்காரும் அரிய இடம் அது. தேசிய மதிப்பீட்டுக் கொள்கைக்காகப் பல ஆண்டுகள் விடாமல் உழைத்த சங்கமும் அதுவே. இந்தியாவில் கதை வேறு. 1952-லேயே திட்டக்குழுவின் கீழ் மதிப்பீட்டுக்கென்று தனி அமைப்பு வந்துவிட்டது. இன்று நிதி ஆயோக்கில் அந்தப் பொறுப்பு இருக்கிறது. ஆனால் மதிப்பீட்டாளர்கள் தாங்களாகவே கூடும் இந்திய மதிப்பீட்டுச் சமூகம் உருவானது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அது நடத்தும் எவால்ஃபெஸ்ட் கூட்டங்களுக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள்.

வெளிநாட்டு அமைப்புகளில் அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கம் மிகப் பெரியது, 1986-இல் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாட்டுக்குச் சொந்தப் பணத்தில் போவது நம்மில் பலருக்கு முடியாத காரியம். உறுப்பினராகி, உங்கள் துறைக்கான சிறப்பு ஆர்வக் குழுவில் சேர்வது முடியும். எனக்கு அந்த மாநாட்டை விட இந்தச் சிறு குழுக்கள்தான் பயன்பட்டன. இப்டெட் என்ற பன்னாட்டுப் பயிற்சி 2001-இல் கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கி, 2018 முதல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடக்கிறது. பயிற்சி தரமானது, கட்டணம் கூடுதல், உதவித்தொகைக்குப் போட்டியும் கடுமை. கிடைத்தால் விடாதீர்கள், கிடைக்கவில்லை என்று மனம் உடையவும் வேண்டாம். பெட்டர் எவாலுவேஷன் இணையதளத்தில் ஆய்வு முறைகள் பற்றி இலவசமாகவே ஏராளம் படிக்கலாம். இளையவர்கள் எவால்யூத் அமைப்பின் வழிகாட்டித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். மூத்தவர் ஒருவரோடு தொடர்ந்து பேச வாய்ப்புக் கிடைப்பது எந்தப் படிப்பிலும் இல்லாத ஒன்று.

எங்கே போனாலும் முடிந்துபோன ஆய்வின் முடிவுகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்குக் கைதட்டுவார்கள், அதோடு சரி. இன்னும் முடியாத ஒன்றை எடுத்துப் போங்கள்: பாதி எழுதிய வினாத்தாள், ஒப்பீட்டுக்கு எந்த ஊரை எடுப்பது என்ற குழப்பம், களத்திலிருந்து வந்த நம்ப முடியாத எண். அதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கும்போது கிடைக்கும் ஒரு கேள்விக்குத்தான் விலை அதிகம். ஒரு கட்டுப்பாடு கட்டாயம்: பதில் தந்தவர்களின் பெயர், ஊர், கைபேசி எண், வேலை கொடுத்த நிறுவனத்தின் அடையாளம் எதுவும் வெளியே போகக் கூடாது. முறையைப் பற்றிப் பேச அவை எதுவும் தேவைப்படாது.

இத்தனை வாய்ப்புகளிலும் என்னை வருத்துவது ஒன்று உண்டு. ஏறத்தாழ எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர், பதில் சொல்லும் முன் ஒரு பெண் கணவரைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தவர், மழையில் நனையாமல் தாளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர், இவர்களில் பலர் எந்த மாநாட்டுக்கும் வந்ததில்லை. ஆய்வில் எந்தப் பதிலை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று நன்றாக அறிந்தவர்கள் இவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது மேற்பார்வையாளரோடு நின்றுவிடுகிறது. வேறு வேறு நிறுவனங்களின் களப் பணியாளர்களை ஓர் அரை நாள் ஒரே இடத்தில் உட்காரவைத்து, "எந்தக் கேள்விக்கு மக்கள் தயங்குகிறார்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நான் கலந்துகொண்ட அப்படிப்பட்ட கூட்டங்களில் வருமானம் பற்றிய கேள்விதான் முதலில் வரும். அடுத்து, வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்பது. அதைச் சுற்றி வளைத்துக் கேட்க அவர்களே கண்டுபிடித்த வழிகள் எந்தக் கையேட்டிலும் இல்லை.

இதற்கு நல்ல சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. 2019 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தை ஒட்டி, மதிப்பீடு பற்றிப் பல நாடுகளில் ஒரே வாரத்தில் கூடிப் பேசும் குளோக்கல் மதிப்பீட்டு வாரம் நடக்கிறது. எந்த அமைப்பும், எந்த நாட்டிலும், தன் மொழியில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்து நடத்தலாம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழில் அமர்வுகள் நடக்கத் தடை எதுவும் இல்லை. ஓர் அறை, ஒரு கரும்பலகை, இருபது நாற்காலிகள் இருந்தால் போதும்.

ஆய்வு செய்யச் சொல்லிப் பணம் கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டாளர் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு உங்கள் நிதி ஒதுக்கீட்டில் இடம் இருப்பதில்லை. களப் பணிக்கும் அறிக்கைக்கும்தான் நாள் கணக்கு. பணி வரையறையை எழுதும் அதிகாரியோ திட்ட மேலாளரோ இதைப் படித்தால், வெளி ஆள் ஒருவர் படித்துக் கருத்துச் சொன்ன பிறகே வினாத்தாள் களத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு வரியையும், அந்த ஆளுக்கு ஒரு நாள் ஊதியத்தையும் சேர்த்துவிடுங்கள்.