ஒரு கம்பியைத் தட்டினால் மூன்று கம்பிகள் ஏன் பாடுகின்றன?

கடற்கரையில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்தது போன்ற ஹவாய் கிடார் ஆல்பம் ஒன்றைக் கேட்டுவிட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வாசிப்பது ஒரே ஒரு மரக் கிடார். அப்படியிருக்க, பின்னால் யாரோ தம்புரா மீட்டுவது போல ஒரு முனகல் ஏன் வருகிறது? ஸ்டூடியோவில் எதையாவது சேர்க்கிறார்களா?"

பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அலைச்சறுக்கு (சர்ஃப்) இசை என்றதும் பலருக்கு 1960களின் கலிபோர்னியா மின்கிடார்தான் நினைவுக்கு வரும். அதன் சொட்டச் சொட்ட ஈரமான எதிரொலி உண்மையிலேயே சேர்க்கப்பட்டதுதான். ஃபெண்டர் நிறுவனம் 1961-இல் விற்பனைக்கு விட்ட ரிவெர்ப் பெட்டிக்குள் இருந்த ஸ்பிரிங்குகளின் வேலை அது. ஹவாயின் மரக் கிடாரில் அந்தப் பெட்டி கிடையாது. அங்கே எதிரொலிப்பது கிடாரின் மற்றக் கம்பிகள்.

இந்தப் பாணிக்குப் பெயர் ஸ்லாக் கீ. ஹவாய் மொழியில் 'கீ ஹோ ஆலு', அதாவது கீயை (கம்பியை இறுக்கும் திருகை) தளர்த்து. (மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் இழுத்து வாசிப்பார்களே, அந்த 'ஹவாயன் கிடார்' வேறு.) 1830களில் மாடு மேய்க்கக் கற்றுத்தர வந்த மெக்சிகோ மாட்டுக்காரர்கள் கிடாரைக் கொண்டுவந்தார்கள்; தீவுக்காரர்கள் அதன் கீயைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி தளர்த்திக்கொண்டார்கள். 1946-இல் ஸ்லாக் கீ கலைஞர் கேபி பாஹினூயி பதிவு செய்த இசைத்தட்டு இந்தப் பாணியை வெளியே கொண்டுவந்தவற்றுள் ஒன்று. 2005-இல் ஹவாய் இசைக்கென முதன்முறை கிராமி விருது கொடுத்தபோது அதைப் பெற்றதும் ஒரு ஸ்லாக் கீ தொகுப்புதான். பாட்டே இல்லாத வெறும் கிடார் ஆல்பத்துக்கா என்று தீவில் முணுமுணுப்பு எழுந்தது தனிக்கதை.

கம்பியின் நீளம், இழுவிசை, பருமன் மூன்றும் அதிர்வெண்ணை முடிவு செய்யும் என்பது பள்ளிப் பாடம். அடிச்சுரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கு மேற்சுரங்களும் கூடவே ஒலிக்கும் என்பதும் தெரிந்ததே. எங்கே மீட்டுகிறோமோ அதைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் காணாமல் போகும். 65 செ.மீ. கம்பியில், கம்பிகளைத் தாங்கும் கட்டையான பாலத்திலிருந்து 16 செ.மீ. தள்ளி, ஒலித்துளைக்கு மேலே மீட்டினால் கால்வாசி இடம். நான்கு மடங்கும் எட்டு மடங்கும் எழாது. மீட்டும் சில்லான பிளெக்ட்ரத்தின் கூர்முனைக்குப் பதில் கட்டைவிரல் சதை பட்டால் உச்சத்திலுள்ள கீச்சொலிகளும் மழுங்கிவிடும். பாதி மென்மை இதிலேயே வந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்குக் கீயைத் திருக வேண்டும். ஸ்லாக் கீயில் பல சுருதிகள் உண்டு. அதிகம் புழங்குவது 'டாரோ பாட்ச்'. தமிழில் சொன்னால் சேப்பங்கிழங்கு வயல். வழக்கமான சுருதியிலிருந்து மூன்று கம்பிகளை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டும்: ஆறாவது (மிகத் தடித்தது) 'இ'யிலிருந்து 'டி'க்கு, ஐந்தாவது 'ஏ'யிலிருந்து 'ஜி'க்கு, முதலாவது 'இ'யிலிருந்து 'டி'க்கு. சுருதி காட்டும் டியூனர் தேவையில்லை. தொடாமல் விட்ட நான்காம் கம்பி 'டி'. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஆறாவதையும், ஒரு ஸ்தாயி மேலே முதலாவதையும் வையுங்கள். மூன்றாம் கம்பி 'ஜி'க்கு ஒரு ஸ்தாயி கீழே ஐந்தாவது. இப்போது தடித்த கம்பியிலிருந்து 73, 98, 147, 196, 247, 294 ஹெர்ட்ஸ்.

வாசகர் கேட்ட தம்புரா இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. சிறு காகிதத் துண்டுகளை 'ட' போல மடித்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்றாம் கம்பிகளின் நடுவில் குதிரை ஏற்றுவது போல மாட்டுங்கள். இப்போது ஆறாவதை மட்டும் பாலத்தருகே மீட்டுங்கள் (கால்வாசி இடத்தில் மீட்டினால் நான்கு மடங்கு எழாதே). நான்காவதிலும் முதலாவதிலும் உள்ள காகிதங்கள் துள்ளும். மூன்றாவதும் இரண்டாவதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். 73-இன் இரட்டிப்பு 147, நான்கு மடங்கு 294. அந்த மேற்சுரங்கள் பாலத்தை ஆட்ட, அதே அதிர்வெண்ணுக்கு இழுத்துக் கட்டிய கம்பிகள் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்கின்றன. பாடப்புத்தகத்து ஒத்ததிர்வு.

அடுத்து ஐந்தாவதை மீட்டுங்கள். 98-இன் இரட்டிப்பு 196. மூன்றாம் கம்பிக் காகிதம் விழும். மும்மடங்கு 294; முதல் கம்பிக் காகிதமும் விழும். நான்காவதன் காகிதமோ அசையாது. ஏன்? 147 ஹெர்ட்ஸ் கம்பி 294-இல் அதிரும்போது இரண்டு பாதியாகப் பிரிந்து ஆடும். நடுப்புள்ளி அசைவில்லாத கணு. காகிதத்தைக் கால்வாசி இடத்துக்கு நகர்த்தி, ஐந்தாவதை மறுபடி மீட்டுங்கள்: துள்ளி விழும்! கம்பி முழுநேரமும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, நாம் தவறான இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். சுரமானியில், அதாவது கம்பியை இழுத்துக் கட்டிய ஆய்வகப் பெட்டியில், செய்ய வேண்டிய சோதனை இது. நம் பள்ளிகள் பலவற்றில் சுரமானி பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதால், மாணவர்கள் கணுவின் படத்தை வரைகிறார்கள், கணுவைப் பார்ப்பதில்லை.

வழக்கமான சுருதியிலும் ஒத்ததிர்வு உண்டு. 'இ'யை மீட்டினால் 'பி'யும் மேல் 'இ'யும் முனகும். ஆனால் பாட்டு 'ஜி'யில் போகும்போது அந்த 'இ' முனகல் இடைஞ்சல். கையால் அடக்க வேண்டியிருக்கும். டாரோ பாட்சிலோ ஆறு கம்பியும் ஜி, பி, டி என்ற ஒரே கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) சுரங்கள். எது முனகினாலும் பாட்டுக்கு ஒத்தே வரும். கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட, விரல்கள் மேலே மெட்டை வாசிக்க, ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னே ஒரு நீண்ட வால்.

இரண்டாம் கம்பியில் மட்டும் ஒரு வில்லங்கம். 98-இன் ஐந்து மடங்கு 490. ஆனால் டியூனர் பச்சை காட்டும் 'பி'யின் இரட்டிப்பு 494. இரண்டும் சேரும்போது நொடிக்கு நான்கு விம்மல் (ஒலி கூடிக் குறையும் துடிப்பு) கேட்கும். 247-ஐ 245-க்குக் கொஞ்சம் இறக்கினால் விம்மல் அடங்கிக் கார்டு பாலாக ஓடும். அதற்கு விலை, அதே கம்பியை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பியில்) அழுத்தி எடுக்கும் 'சி'யும் சுருதி குறைந்து போவது. பாதி தூரம் இறக்கிச் சமாளிப்பதே நடைமுறை.

தளர்த்துவதில் கோளாறுகளும் உண்டு. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு சுரம் இறக்கினால் சுமார் 21 சதவீதம் போய்விடும். சாதாரண 12 செட் (முதல் கம்பியின் பருமன் 0.012 அங்குலம்) ஸ்டீல் கம்பிகளில் மூன்றுக்கும் சேர்த்து ஏழு கிலோவுக்கு மேல் பளு குறைகிறது. முன்னிழுப்பு குறைந்த கழுத்து சற்றே பின்வாங்கும், கம்பி ஃப்ரெட்டை நெருங்கும். தளர்ந்த கம்பி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்ர்' என்னும். ஆறாவதற்கு 0.053 அங்குலத்துக்குப் பதில் 0.056 போட்டால் அந்தக் கம்பியில் இழந்த இழுவிசையில் பாதி திரும்பிவிடும். ஓங்கி மீட்டினால் முதல் கணத்தில் சுருதி ஏறிப் பிறகு வழியும். இதற்குக் கை மென்மையைத் தவிர வேறு மருந்தில்லை. கீயை இறக்கும்போது தேவைக்குக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பல்சக்கரத்தின் தொய்வில் கம்பி மேலும் இறங்கும். கழுத்தின் முனையில் கம்பிகள் படியும் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கி 'டிக்' என்று தாவினால், பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் சரியாகும்.

இந்த மென்மையைக் காட்டி, "432 ஹெர்ட்ஸ் பிரபஞ்ச சுருதி" என்று யூடியூபில் வியாபாரம் நடக்கிறது. 'ஏ' சுரத்துக்கு வழக்கமாக வைக்கும் 440-க்கும் 432-க்கும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை என்ற கணக்கு. நொடி மனிதன் வகுத்த அளவு. ஒரு நாளை 86,400 பங்காகப் பிரித்தவர்கள் வேறு எண்ணால் பிரித்திருந்தால் பிரபஞ்சம் 432-ஐ எங்கே தேடும்?

முன்பு ஸ்லாக் கீ சுருதிகள் குடும்ப ரகசியங்கள். வாசித்து முடித்ததும் அடுத்தவர் கண்டுபிடிக்காதபடி கீகளைத் திருகிக் கலைத்துவிட்டுக் கிடாரைக் கீழே வைத்தவர்கள் இருந்தார்களாம். இப்போது போனில், ஒலியில் உள்ள அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஒரு இலவச அலைமாலைச் செயலி போதும். ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக, ஃப்ரெட்டில் அழுத்தாமல் மீட்டும்போது திரையில் 73, 98, 147 என்று முகடுகள் வரிசையாக எழுந்து நிற்கும். இரண்டாம் கம்பியில் முகடு 247-இல் நிற்காமல் 245-இல் நின்றால், சுருதி சேர்த்தவர் டியூனரை நம்பாமல் காதை நம்பியவர்.